உப்பிட்டவர்கள்

பருத்திப் பின்னலாடைக்குக் கறுப்புச் சாயம் ஏற்றுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் உப்பிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 80 கிராம் உப்பு. பெருக்கிப் பாருங்கள், 640 கிராம். இது இன்றைய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தின் கணக்கு. பழைய விஞ்ச் தொட்டிகளில் தண்ணீர் இரண்டு மடங்கு பிடிக்கும், உப்பும் இரண்டு மடங்கு; துணியின் எடையை உப்பின் எடை தாண்டிவிடும். ரியாக்டிவ் சாயமும் பருத்தி இழையும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும் சுபாவம் கொண்டவை. அந்த விலகலை அடக்கி, சாயத்தை இழையின் பக்கம் தள்ளிவிடுவது உப்பின் வேலை. வேலை முடிந்ததும் அதற்குத் துணியில் இடமில்லை. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நிறம் கப்பல் ஏறும், உப்பு ஊரில் தங்கும்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், வாங்குபவருக்கும் தயாரிப்புக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. அதுவரை சாயம் என்றால் என் மேசைக்கு லேப் டிப்பாக, அதாவது சாய மாதிரியாக, வரும் உள்ளங்கை அளவுத் துணிதான். ஏ, பி, சி என்று மூன்று சாயல்கள் அட்டையில் ஒட்டியிருக்கும். விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, கடை வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பேன். பிறகு அட்டை கூரியரில் ஐரோப்பாவுக்குப் போகும். 'பி பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும்' என்று பதில் வரும். ஆழம் கூட்ட என்ன கூட்ட வேண்டும் என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். என் தாய்மாமாவின் தோட்டம் சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யல் கரையை ஒட்டி இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரையும் கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு அது. மழைக்காலத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த நொய்யலில், திருப்பூருக்குக் கீழே மட்டும், வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடத் தொடங்கியது. சிறுவனாக இருந்தபோது எனக்கு அது வரமாகத் தெரிந்தது. ஆற்றில் இறங்காதே என்று அத்தை விரட்டுவது மட்டும் புரியவில்லை.

1992இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்கான அணை. அங்கே வந்து தேங்கியது சாயக்கழிவு. அணையைச் சுற்றியிருந்த கிணறுகளுக்குள் அது கசிந்து இறங்கியது. மாமாவின் தென்னைகள் முதலில் குரும்பைகளை உதிர்த்தன, பிறகு மட்டைகளை, கடைசியில் கொண்டையையே இழந்து கம்பங்களாக நின்றன. கோடையில் வயலில் நடந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். கீழே கரூர்ப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயிகள் அரசிடம் வைத்த கோரிக்கையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. தண்ணீர் திறந்துவிடாதீர்கள் என்று கேட்டார்கள். அணைக்காக மனுப்போட்ட ஊர்கள் உண்டு. அணையின் தண்ணீர் வேண்டாம் என்று மனுப்போட்ட ஊர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லியிருக்கிறார்கள் மாப்பிள்ளை. உங்கள் கம்பெனிக்காரர்களை நினைக்காமல் நான் ஒரு நாளும் தூங்கப் போனதில்லை." மாமா இதை வருத்தமாகச் சொல்லவில்லை, வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து முதல் தீபாவளி போனஸில் அவருக்கு வேட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

திருப்பூரின் கதையைச் சொல்பவர்கள் 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வந்ததிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு முன் இது உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்த ஊர். பிறகு ஐரோப்பியப் பெருங்கடைகள், அமெரிக்கச் சங்கிலிக் கடைகள். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு என்று வரம்பு வைத்திருந்த, துணி இறக்குமதிக்கான உலக ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரியில் முடிவுக்கு வந்தபோது பந்தயம் இன்னும் வேகமெடுத்தது. ஏற்றுமதி இன்று ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய் அளவில் நிற்கிறது.

இதில் வெளியூர்க்காரர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இந்த ஊரை வளர்த்தது அந்நிய முதலீடு அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்தது ஆர்டர் மட்டும்தான். பணம் உள்ளூர்ப் பணம்: வறண்ட தோட்டத்தை விற்றவர்கள், நகையை அடகு வைத்தவர்கள், பவர்டேபிளில் தைத்துக்கொண்டிருந்துவிட்டு நான்கு ஓவர்லாக் இயந்திரங்களோடு சொந்தமாகக் கொட்டகை போட்டவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் கதவைச் சாத்தியது. திருப்பூரில் அப்படிக் கதவைச் சாத்திவிட்டுப் போக யாருக்கும் வேறு ஊர் இல்லை. ஆனால் வாங்குபவருக்கு அந்தச் சங்கடமும் இல்லை. இங்கே ஒரு செங்கல்கூட அவருடையதல்ல, ஆகவே இங்குள்ள ஆறும் அவருடைய பொறுப்பல்ல.

வெளிநாட்டுப் பணம் ஒருமுறை வந்தது, தண்ணீருக்காக. பவானி சேரும் இடத்துக்குக் கீழே காவிரியிலிருந்து குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீரைத் திருப்பூருக்குக் கொண்டுவரும் திட்டம். அரசும் ஏற்றுமதியாளர்களும் தனியார் நிறுவனங்களும் கூட்டாகத் தொடங்கி, அமெரிக்க உதவி முகமையின் கடன் உத்தரவாதமும் பெற்று, ஆயிரம் கோடி ரூபாய்ச் செலவில் 2005-06 வாக்கில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் தனியார் பங்கேற்புடன் வந்த முன்னோடித் தண்ணீர்த் திட்டம் என்று பலர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தொழிற்சாலைகள் அதிக விலை கொடுக்க, வீடுகளுக்குக் குறைந்த விலை என்ற ஏற்பாடும் நல்ல ஏற்பாடுதான். உள்ளே தண்ணீர் கொண்டுவர இவ்வளவு பேர் சேர்ந்தார்கள். சாயமாக வெளியே போகும் தண்ணீரைப் பட்டறைக்காரர்களின் தலையில் விட்டுவிட்டார்கள். உள்ளே வருவதற்கு விலை உண்டு, கட்டணம் வசூலிக்கலாம், கடனைத் திருப்பலாம். வெளியே போவதற்கு யார் பில் போடுவது?

பில் போட்டது நீதிமன்றம். அதற்கு ஒரு முன்கதை உண்டு, அதுவும் நம் ஊர் ஆற்றின் கதைதான். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் மீது வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'நீடித்த வளர்ச்சி', 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாடுகள் இந்தியச் சட்டத்தில் கால் ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். தோல் ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, ஆனால் அதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்றது நீதிமன்றம். ஐ.நா. மாநாடுகளின் சொற்றொடர் என்று நாம் நினைக்கும் நீடித்த வளர்ச்சி, இந்தியச் சட்டத்துக்குள் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வந்தது.

அந்தத் தீர்ப்பின்படி அமைந்த சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம் நொய்யலுக்கும் வந்தது. 2004 டிசம்பரில் அது அறிவித்த இழப்பீடு: 68 கிராமங்கள், 28,596 பேர், மொத்தம் 24.79 கோடி ரூபாய். செய்தித்தாளில் பார்த்தபோது பெரிய தொகையாகத் தெரிந்தது. வகுத்துப் பார்த்தேன். ஆளுக்குச் சராசரியாக 8,700 ரூபாய்கூட வரவில்லை. மாமாவிடம் சொன்னேன். "கிணற்றைத் தூர் வாரக் காணாது" என்றார். அதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாது, அதற்கான ஏற்பாடுகளைக் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா அபராதம், போகப்போக அது உயரும். ஊரே கொந்தளித்தது. தொழில் அழிந்துவிடும், லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வருவார்கள் என்று என் அலுவலகத்திலும் பேசிக்கொண்டார்கள், நானும் பேசினேன்.

அன்றிரவு, சட்டையின் விலையைக் கணக்கிடும் காஸ்டிங் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு டி-ஷர்ட் 150 கிராம். வெளுப்பு, சாயம், அலசல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 60 லிட்டர் என்று வைத்தால் ஒரு சட்டைக்கு 9 லிட்டர். 6 பைசா வீதம் 54 பைசா. அன்றைய டாலர் மதிப்பில் ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல். இதற்காகத்தான் ஒரு அணை நாசமாகியிருக்கிறது. ஒரு சென்ட்!

சுத்திகரிப்பு நிலையம் கட்டி நடத்தும் செலவு இந்த அபராதத்தைவிடப் பல மடங்கு என்பது பிறகு தெரிந்தது. இருந்தாலும் அந்த ஒரு சென்ட் என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது.

2008 வாக்கில் ஒரு வாடிக்கையாளருக்கான காஸ்டிங் தாளில் புதிதாக ஒரு வரியைச் சேர்த்தேன். நூல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங் முதல் பேக்கிங் வரை, லேபிள், பாலிபேக் என்று போகும் பட்டியலில், டையிங்குக்குக் கீழே 'கழிவுநீர் - 2 சென்ட்'. முதலாளி பார்த்துவிட்டு, "போட்டுப் பாருங்கள் தம்பி, என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்" என்றார். வாங்கும் நிறுவனத்தின் பிரதிநிதியாக வந்த பெண்மணி மிகவும் மரியாதையானவர். பென்சிலால் அந்த வரியை வட்டமிட்டு, இது என்ன என்று கேட்டார். விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். இது உங்கள் நாட்டுச் சட்டம், ஆகவே உங்கள் செலவு, டாக்காவிலிருந்து வரும் தாளில் இப்படி ஒரு வரி இல்லையே என்றார். அடித்துவிட்டார். போகும்போது அவருடைய நிறுவனத்தின் நன்னடத்தைக் கையேடு ஒன்றைக் கொடுத்தார். மறுசுழற்சிக் காகிதத்தில் அச்சிட்டது. சுற்றுச்சூழல் ஐந்தாவது அத்தியாயம்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய மேசையிலும் ஒரு தாள் இருந்திருக்கும். ஆனால் டாக்காவை இழுத்ததில் ஒரு வேடிக்கை இருந்தது. 'ஆயுதம் தவிர அனைத்தும்' என்ற திட்டத்தின்கீழ் பங்களாதேஷ் சட்டைக்கு ஐரோப்பாவில் சுங்க வரி இல்லை. நம் சட்டைக்கு அப்போது பத்து சதவீதத்தை ஒட்டிய வரி. ஏழை நாட்டுக்குச் சலுகை கொடுப்பது நியாயம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வரி விகிதத்தில் ஆறு எங்கும் இல்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்து அனுப்பினாலும், அப்படியே ஆற்றில் விட்டு அனுப்பினாலும் ஹாம்பர்க் துறைமுகத்தில் சட்டைக்கு ஒரே விகிதம்தான்.

சாயப் பட்டறைக்காரர்களின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் இழுபறி. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் அத்தனை சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். வீரபாண்டி, அருள்புரம் பக்கம் போனால் எப்போதும் மூக்கில் ஏறும் பிளீச்சிங் பவுடர் நெடி ஒரு வாரத்தில் காணாமல் போயிற்று. வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைகள் பாதி மூடியிருந்தன. மாமா தொலைபேசியில், "சந்தோஷப்படக் கூச்சமாக இருக்கிறது" என்றார்.

அந்த மாதங்களில் நாங்கள் என்ன செய்தோம் என்பதை இதுவரை எழுதியதில்லை. கப்பல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சாயம் ஏறாத துணியை இரவில் லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பினோம். வட மாநிலங்களுக்குச் சில லோடுகள். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறு ஆற்றங்கரைகளுக்குச் சில லோடுகள். தரகர் ஒருவர் மூலம் வேலை நடந்தது. எந்தப் பட்டறை, அதற்கு அனுமதி உண்டா, அதன் குழாய் எங்கே போய் முடிகிறது, எதையும் நான் கேட்கவில்லை. ஒரு லோடு நள்ளிரவு இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது துணியிலிருந்து இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஷேட் மட்டும் பார்த்தேன். அப்ரூவல் அட்டையோடு அச்சாகப் பொருந்தியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. என் மாமாவைப் போல அங்கேயும் யாரோ ஒருவர் கிணற்றடியில் நின்றிருப்பார் என்ற எண்ணம் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

அழிந்துவிடும் என்ற தொழில் அழியவில்லை. மாநில அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் நிலையத்தில் ஒரு முறையைப் பரீட்சித்தார்கள், அதுதான் திருப்பம். கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் செலுத்தி, நல்ல தண்ணீரைத் திரும்பப் பட்டறைக்கு அனுப்புவது வரை பழைய கதை. மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றடிக்க முயன்றுதான் எல்லோரும் தோற்றிருந்தார்கள். அருள்புரத்தில் அந்தக் கரைசலைத் தெளியவைத்து, அதையே அடுத்த சாயத் தொட்டிக்கு உப்பாக ஊற்றினார்கள். வேலை முடித்த உப்புக்கு மறுபடி வேலை. இன்று 18 நிலையங்கள் ஓடுகின்றன. நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் தண்ணீர் திரும்பப் பயன்படுவதாக ஏற்றுமதியாளர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். பெருமைப்படலாம். பட்டறைகள் தங்கள் தண்ணீரையே திரும்ப எடுத்துக்கொண்டதால், அந்த ஆயிரம் கோடிக் குழாய்த் திட்டத்துக்குத் தொழிற்சாலை வாடிக்கையாளர்கள் குறைந்து அது கடன் சிக்கலில் மாட்டிக்கொண்டது தனிக் கதை.

குறைகள் இல்லாமல் இல்லை. மிச்சக் கரைசலைக் காய்ச்சும் எவாப்பரேட்டருக்குக் கொதிகலன் எரிய வேண்டும், அதற்கு விறகு வேண்டும். எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிலையங்களின் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. மழை பெய்யும் இரவில் எங்கோ ஒரு குழாய் திறக்கிறது என்று காலையில் ஜம்மனை ஓடையைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் ஈஸ்வரன் கோவில் பாலத்தில் நின்று பார்த்தால் நொய்யலில் இப்போது ஓடுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை. இதை முன்னேற்றம் என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் முன்னேற்றம்தான்.

அன்று என் வரியை அடித்தவர்களின் கடைகளில் இப்போது திருப்பூர்ச் சட்டைகளில் ஒரு பச்சை அட்டை தொங்குகிறது. தண்ணீரை மறுசுழற்சி செய்து தயாரித்தது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த அட்டையை அச்சடித்துக் கட்டும் செலவு காஸ்டிங் தாளில் 'லேபிள்' என்ற தலைப்பின்கீழ் வருகிறது. அதையும் நாம்தான் ஏற்கிறோம்.

புது ஒப்பந்தங்களில் இதற்கெல்லாம் இடம் உண்டு என்கிறார்கள். சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளோடு 2024 மார்ச்சில் இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பதினைந்து ஆண்டுகளில் பத்தாயிரம் கோடி டாலர் முதலீடு என்ற இலக்கும் இருக்கிறது, வணிகமும் நீடித்த வளர்ச்சியும் என்று தனி அத்தியாயமும் இருக்கிறது. தேடிப் படித்தேன். நல்ல சொற்கள். ஆனால் அந்த அத்தியாயத்தில் தகராறு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே தவிர நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது. அந்த ஐந்தாவது அத்தியாயம் ஞாபகத்துக்கு வந்தது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் ஐம்பது சதவீத வரியை ஏற்றியது. அந்த வாரம் திருப்பூர் நண்பர்கள் தூங்கவில்லை. வரியில் பாதியை நீங்கள் சுமந்தால்தான் ஆர்டர் என்று வாங்குபவர்கள் சொல்வதாகப் புலம்பினார்கள். எனக்கு அவர்களுடைய கவலையும் புரிந்தது. கூடவே ஒரு பொல்லாத எண்ணமும் வந்தது. சட்டையின் விலையில் பாதி அளவுக்கு வரியை ஒரே மாதத்தில் ஏற்றிவிட முடிகிறது. மறுநாளே அதை யார் எவ்வளவு சுமப்பது என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேச முடிகிறது. என் இரண்டு சென்ட்டுக்கு மட்டும் இத்தனை ஆண்டுகளாக ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. முடியாது என்று அப்போது சொன்னதெல்லாம் வேண்டாம் என்பதன் மரியாதையான வடிவம்தான் போலிருக்கிறது.

போன தை மாதம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். சட்டைப் பையில் ஒரு டி.டி.எஸ். பேனா கொண்டுபோனேன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் சின்னக் கருவி, ஆர்.ஓ. மெக்கானிக்குகள் வைத்திருப்பது. கிணற்றில் வாளி விட்டு ஒரு சொம்பு மொண்டு, பேனாவை முக்கினேன். எண் ஏறிக்கொண்டே போய் நான்கு இலக்கத்தில் நின்றது. இரண்டாயிரத்துக்கு மேல் போனால் குடிக்கக்கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார்.

"பரவாயில்லையே" என்றார். "முன்பெல்லாம் இதைவிட இரண்டு பங்கு இருந்திருக்கும்."

பழைய தென்னைகளின் தூர்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே இரண்டு ஆண்டுகளுக்குமுன் பத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிறார். ஆறு பிழைத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் பாத்தியிலும் மழைநீர் தேங்குவதற்கு வட்டமாகக் கரை கட்டியிருந்தார். ஒன்றின் குருத்தில் நுனி மட்டும் கருகியிருந்தது. அதை விரலால் நீவிப் பார்த்துக்கொண்டே, சொம்பில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்டச் சொன்னார். பாத்தியில் கொட்டப் போனேன்.

"அங்கே வேண்டாம் மாப்பிள்ளை, வரப்புக்கு அந்தப் பக்கம்."

வீட்டுக்குள் அத்தை இருபது லிட்டர் கேனைச் சரித்து டீக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.